இத்தாவில் இருந்தவள் போட்ட ஓட்டு

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஒருத்தர் தேர்தலில் ஜெயித்துவிட்டால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது. தோற்றவனுக்கு இல்லை, அது நியாயம். ஜெயித்தவனுக்கும் இல்லை. சைமன் கமிஷன் வந்து போன வருஷம் மயிலாப்பூரில் எங்கள் வட்டத்துக் கவுன்சிலர் தேர்தல் அப்படித்தான் முடிந்தது. கன்ட்ராக்டர் சின்னப்பையன் ஜெயித்தார். வக்கீல் சந்திரமௌலி தோற்றார். நடுவில் ஒரு ஓட்டு. அந்த ஓட்டைத் தேடிக்கொண்டு கிளம்பியவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் பள்ளிவாசல் சந்தில் ஒரு மெத்தைக்காரர் வீட்டு வாசல்.

அந்த வீட்டில் எந்நேரமும் பஞ்சு பறக்கும். முன்கட்டில் ஆம்பிளைகள் வில்லால் பஞ்சு கொட்டுவார்கள். உள்கட்டில் பெண்கள் கோணூசி பிடித்து மெத்தை தைப்பார்கள், தலையணைக்குப் பஞ்சு அடைப்பார்கள். சோற்றில் பஞ்சு, தண்ணீர்ப் பானையில் பஞ்சு, தூங்கி எழுந்தால் புருவத்தில் பஞ்சு. முப்பது வருஷம் அந்தப் பஞ்சை மூச்சில் இழுத்த ஹனீஃபா, ஆவணி பிறந்த சமயத்தில் இருமி இருமியே மவுத்தானார். அவர் பெண்டாட்டி அஃப்சருன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டு வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது, அதுதான் இத்தா. எப்போதும் திரைக்குள்ளேயே இருக்கும் கோஷாப் பெண்ணுக்கு அது பெரிய கஷ்டமா என்று கேட்பீர்கள். இத்தா இல்லாதபோது அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று நானும் கேட்பேன்.

ஹனீஃபா அந்த வீட்டை நிக்காஹ் நாளிலேயே மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய பொருளாக, அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டு வரி அவள் பெயரில் வந்தது. அப்போது வரி கட்டினால்தான் ஓட்டு. வரி வந்ததால் ஓட்டும் வந்தது.

ஹனீஃபாவின் தம்பி சர்தார், தேர்தலன்று காலையில், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆரம்பித்தான்.

"பாபி, அரை மணி நேரம். ஜட்கா வாசல்லயே வந்து நிக்கும். சுத்தி துணி கட்டிக் கீது. ஏறி, எறங்கி, சீட்டப் போட்டுட்டு வந்துகினே இருக்கலாம்."

"நான் இத்தால கீறேன் சர்தார்."

"அவசரம்னா பகல்ல போலாம்னு கிதாபுல கீது."

"எந்த கிதாபுல?"

"கீது பாபி. பள்ளிவாசல் ஹஜரத்தக் கேட்டா சொல்வாரு."

"கேட்டியா?"

"கேட்டா ஊருக்கே தெரிஞ்சி பூடாதா?"

சர்தார் குரலை இறக்கினான்.

"சின்னப்பையன் சொல்லிகினு கீறாரு. ஜெயிச்சா ஆஸ்பத்திரி மெத்த பூரா நம்மகிட்டதான். மழ வரப்போவுது. மழைல எவன் பஞ்சு கொட்டக் கூப்புடுவான்? அண்ணனும் இல்ல. கமருக்கு நிக்காஹ் பேசி வெச்சிகினு கீறோம். உன் இஷ்டம்."

கமர் ஜஹான் அவளுடைய ஒரே பெண். சிந்தாதிரிப்பேட்டையில் புத்தக பைண்டிங் கடை வைத்திருந்த பீர் முஹம்மதுக்கு நிச்சயம் ஆகியிருந்தாள். இத்தா முடிந்ததும் நிக்காஹ் என்று ஏற்பாடு. சர்தாருக்கு எந்த இடத்தில் ஊசி குத்த வேண்டும் என்று தெரியும், மெத்தைக்காரன் இல்லையா? அஃப்சருன்னிசா எழுந்து புர்காவை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கோஷாப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பில் ஜமக்காளம் கட்டி மறைத்திருந்தார்கள். சீட்டு கொடுக்க ஒரு வாத்தியாரம்மா. முகத்திரையை விலக்கிப் பார்த்து இன்னார்தான் என்று சொல்வதற்குக் கைசர் ஜஹான். கைசர் மருத்துவச்சி. அந்த வட்டாரத்தில் அவள் பார்க்காத கோஷா முகம் கிடையாது, அவள் அறுக்காத தொப்புள்கொடி கிடையாது. கமரையும் அவள்தான் வெளியே எடுத்தாள். வாயில் வெற்றிலையும் ஊர்வம்பும் ஓயாது. அப்படிப்பட்டவள் திரையை விலக்கியதும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"நீயாடி?" என்றாள் மெதுவாக. பிறகு வாத்தியாரம்மா பக்கம் திரும்பி, "ஆமாம்மா. ஹனீஃபா பொஞ்சாதி அஃப்சருன்னிசாதான்" என்றாள்.

"ஆபா, வெளிய சொல்லிடாத."

"போடி. எத்தினி வூட்டு சமாச்சாரத்த முழுங்கிகினு கீறேன், உன்னோடதா தொண்டைல நிக்கப்போவுது?"

வாத்தியாரம்மா காகிதத்தைப் பார்த்து அவள் பெயரை முழுசாகப் படித்தாள். இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்றில்லாமல் தன் பெயரை ஒருத்தி வாய்விட்டுப் படித்ததில் அஃப்சருன்னிசாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. புருஷன் போய் ஒரு மாசத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று ஜட்காவில் வரும்போது அழவும் அழுதாள்.

சின்னப்பையன் ஜெயித்த அன்று மாட வீதியெல்லாம் வெடிச் சத்தம். தோற்ற சந்திரமௌலி கெட்டவர் இல்லை, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். சத்தியம், நியாயம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்த மனுஷர். கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி ஒரு மெத்தைக்குச் சொல்லியனுப்பியபோது, "பாபி இத்தால கீறாங்கம்மா, வாசப்படி தாண்ட மாட்டாங்க, மூணு மாசம் பொறுத்துக்கங்க" என்று சர்தாரே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேலைக்குச் சாக்கு சொல்வதில் அவனுக்கு அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம். ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரமௌலி தலை நிமிர்ந்தார்.

"அந்த அம்மா பேர்ல ஓட்டு விழுந்திருக்கே சுப்பு. இத்தாவிலே இருக்கறவ எப்படி ஓட்டுச் சாவடிக்கு வருவா? அவா மதத்துல அது ஆகவே ஆகாது, நான் சட்டப் புஸ்தகத்துலயே படிச்சிருக்கேன். எவளோ ஒருத்தி புர்காவைப் போட்டுண்டு வந்து போட்டுட்டுப் போயிருக்கா."

"நமக்கெதுக்குன்னா அந்த வம்பெல்லாம்? அவாத்துல இப்பதான் சாவு விழுந்திருக்கு."

"வம்பில்லடி. நியாயம்" என்றார். மறுநாளே கோர்ட்டில் மனு போட்டார்.

அப்புறம் ஊரைக் கேட்க வேண்டுமா? லஸ்ஸில் ஒரு கட்சி கூட்டம் போட்டு, "திருட்டு ஓட்டு கவுன்சிலரே, ராஜினாமா செய்" என்றது. மார்க்கெட் பக்கம் இன்னொரு கட்சி கூட்டம் போட்டு, "ஓட்டில் ஜெயிக்க யோக்கியதை இல்லாதவன் கோர்ட்டில் ஜெயிக்கப் பார்க்கிறான்" என்றது. காப்பி ஓட்டலில் டம்ளர் பறந்தது. இரண்டு கூட்டத்திலும் மேடையேறியவன் எல்லாம் அஃப்சருன்னிசா, அஃப்சருன்னிசா என்று அவள் பெயரை அடித்தொண்டையில் கத்தினான். பக்கத்துச் சந்து ஆண்களுக்கே தெரியாமல் இருந்த பெயர் அது. ராயப்பேட்டையில் சோடா விற்கிறவன்கூட, "யாருப்பா அந்த அஃப்சரு, ஆளு எப்பிடி கீறா?" என்று கேட்டுச் சிரித்தானாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பஞ்சு கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. கடன் சொல்லி வாங்கிய அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சம்பந்தியம்மா அஸ்மத்துன்னிசா சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து இறங்கினாள். ஜட்காவிலிருந்து இறங்கும்போதே பஞ்சு ஒட்டக்கூடாதென்று துப்பட்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நம்பல சம்பந்தி" என்று ஆரம்பித்தாள். நம்பாதவள் எதற்கு மழையில் வந்தாள்? "புருஷன மண்ணுல வெச்ச ஈரம் காயறதுக்குள்ள எந்த பொம்பளையாவது வெளிய போவாளா? அதுவும் ஓட்டுப் போட? என் புள்ள கடைல வந்து நாலு பேரு கேக்குறான். அவனுக்குத் தல நிமிர முடியல."

அஃப்சருன்னிசா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கோர்ட்டுல கேக்குறப்ப, நான் போகலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஊர் வாய் மூடிக்கும். சொல்லலன்னா இன்னா, கமருக்கு இன்னா கொற? நல்ல பொண்ணு. வேற எடம் கெடைக்காமயா பூடும்."

கமர் உள்ளே தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

இரண்டு நாள் விட்டுக் கைசர் வந்தாள். அன்றைக்கு அவள் வாயில் வெற்றிலை இல்லை.

"என்ன ஜெயில்ல போட்ருவாங்களாம்டி. சின்னப்பையன் வக்கீலு சொல்றாரு. நீ வரலன்னு ஆச்சின்னா, எவளோ ஒருத்திய நீன்னு நான் பொய் சொன்னேன்னு ஆவுமாம்."

"யாரு ஆபா அப்பிடி சொல்லப்போறா? நான் வந்தேன். நீ பாத்த."

"அத நீ சொல்லணும்ல. வாத்தியாரம்மாவுக்கு உன் மூஞ்சி தெரியாது. எனக்கு உன்ன வுட்டா வேற சாட்சி யாருடி?" கைசர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்லா மேல கேக்குறேன். எனக்குப் புள்ளயா குட்டியா. கொடி அறுத்துக் கஞ்சி குடிக்கிறவ. ஜெயிலுக்குப் போய் வந்தவள எந்த வூட்டுல பிரசவத்துக்குக் கூப்புடுவாங்க?"

"நெசத்ததான் சொல்வேன் ஆபா. பயப்படாத" என்றாள் அஃப்சருன்னிசா. மனசறிந்துதான் சொன்னாள்.

கைசர் படி இறங்கியதும் கமர் பஞ்சு மூட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

"நெசத்த சொல்லு. ஒண்ணும் தப்பில்ல. எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்."

"கமரு."

"பீர் முஹம்மது போனா இன்னா. நான் இங்கியே பஞ்சு அடச்சிகினு, இருமிகினு, அத்தா மாதிரியே போய்ச் சேந்துடுறேன். நீ பக்கத்துல ஒக்காந்து நெசம் பேசு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அடிக்கிறவன் மத்தளத்துக்குப் பழகினவன் என்பதை யாரும் சொல்வதில்லை.

கோஷாப் பெண் கோர்ட்டுக்குப் போகமாட்டாள் என்பதால் கோர்ட்டு அவள் வீட்டுக்கு வந்தது. கார்த்திகையில் ஒரு காலை, கமிஷனராக நியமித்த ஒரு சின்ன வயசு வக்கீலும், எழுதுவதற்கு ஒரு குமாஸ்தாவும், சந்திரமௌலியும், சின்னப்பையனும், அவர் வக்கீலும் முன்கட்டில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். உள்கட்டு வாசல்படியில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தது. அந்தப் பக்கம் அஃப்சருன்னிசா, மடியில் உறை போட்ட குர்ஆன். பக்கத்தில் கமர். இந்தப் பக்கம், பேசுவது பாபிதான் என்று குரலை வைத்து அடையாளம் சொல்ல சர்தார்.

இந்த சர்தார் பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவன். சின்னப்பையனிடம், "பாபி போனேன்னுதான் சொல்வாங்க நைனா" என்றிருந்தான். சம்பந்தியிடம், "பாபி வாசல்கூட எட்டிப் பாக்கல" என்றிருந்தான். பாபியிடம் மட்டும், "உன் வாய்லதான் கீது, நான் இன்னா சொல்றது?" என்று ஒதுங்கிக்கொண்டான்.

கமிஷனர் கேட்டார். "தேர்தலன்னைக்கு நீங்க ஓட்டுப் போடப் போனீங்களா அம்மா?"

கூரை ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, கேள்வி புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"பயப்படாதீங்கோ" என்றார் சந்திரமௌலி, நிஜமான கரிசனத்தோடு. "உள்ளதைச் சொல்லுங்கோ, போறும்."

சின்னப்பையன் செருமினார். "ஆமாம்மா. வந்தத வந்தேன்னு சொல்லு. யாரு உன்ன இன்னா பண்ணிடுவாங்க?"

அஃப்சருன்னிசா மகளைப் பார்த்தாள். கமர் அம்மாவைப் பார்க்காமல் தரையில் கிடந்த பஞ்சுத் துணுக்குகளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் அஃப்சருன்னிசா வேறு மாதிரி சொல்லியிருப்பாளோ என்னவோ.

"போகலீங்க" என்றாள். "இத்தால கீறவ எங்க போவேன்?"

சந்திரமௌலி கண்ணை மூடித் திறந்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டான். சின்னப்பையன் எழுந்து, பஞ்சு மூட்டையை ஓர் உதை விட்டுப் போனார். அன்று சாயங்காலமே அவர் ஆட்கள் நாலு பேர் வந்து முன்கட்டில் இருந்த பஞ்சு முழுக்க சாக்கடைச் சேற்றைக் கொட்டிவிட்டு, வில்லையும் முறித்துப் போட்டார்கள். சர்தார் பக்கத்து வீட்டு மாடியில் பதுங்கியிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். உள்ளே அஃப்சருன்னிசாவுக்கு அது பெரிதாகவே படவில்லை, தனக்கு இது போதாது என்றுதான் தோன்றியது.

மார்கழி பிறந்தது. இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோர்ட்டில் தீர்ப்பு. சாட்சியாகக் கூப்பிட்டார்கள் என்று காலையில் போன சர்தார், பொழுது சாயத்தான் வந்தான். பசியோடு வந்தான். கமர் சோறும் தால்ச்சாவும் வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், திரைக்கு அந்தப் பக்கம் பாபி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிது பாபி. அந்த ஓட்டு செல்லாதுன்னுட்டாரு ஜட்ஜு. ரெண்டு பேருக்கும் சமமா நின்னுச்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. அய்யரு பேரு வந்துச்சி. இம்மாம் ரகளைக்கும் கடைசில குலுக்கல்தான்."

"கைசர் ஆபா?"

"அத்த ஏன் கேக்குற. பைத்தியக்காரி." சர்தார் சிரித்தான். "அந்த மூஞ்சிய இவ பாத்ததே இல்லன்னு அய்யரு சாதிக்கிறாரு. சின்னப்பையன் வக்கீலு எழுந்து எழுந்து கேக்குறாரு. 'அந்தம்மா மூஞ்சியப் பாத்தேன்றியே, மூஞ்சில இன்னா அடையாளம் கீது, சொல்லு. ஒரு நர்ஸம்மாவ அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்றோம். ஒத்துப்போச்சின்னா நீ வூட்டுக்குப் போலாம்'னு. இவ வாயத் தொறக்கல. ஜட்ஜே கேக்குறாரு. தொறக்கல."

"ஆபாவுக்குத் தெரியுமே. எனக்குத்தான் மூஞ்சில..."

"அதான் சொல்றேன். தெரிஞ்சிகினே கம்முனு நிக்கிறா. மூணாவது வாட்டி கேட்டதும் சொல்றா, 'அய்யா, அந்த மூஞ்சிய அவ புருஷன் பாத்துக் கீறான், பொம்பளைங்க நாங்க பாத்துக் கீறோம். இத்தினி ஆம்பள ஒக்காந்துகினு கீற எடத்துல அத்த நான் எடுத்து வெக்கமாட்டேன்'னு. கோர்ட்டே சிரிக்குது. ஜட்ஜு எழுதிட்டாரு, இவளுக்கு ஒண்ணும் தெரியாது, பொய்யின்னு. கேஸு போடச் சொல்லிட்டாரு. அங்கியே வெச்சிப் புடிச்சிகினு பூட்டாங்க."

அடையாளம் என்ன என்று எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதாக இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. நாமதான் மாட்டியிருப்போம். நமக்கு நல்லதாப் போச்சி" என்று சர்தார் தட்டை நீட்டினான். "கொஞ்சம் தால்ச்சா ஊத்து கமரு."

உள்ளே பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அஃப்சருன்னிசா புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க பாபி?"

"டேசனுக்கு. நான்தான் போனேன்னு சொல்லப்போறேன்."

"இத்தா முடியலியே பாபி" என்றான் சர்தார். ஜட்கா வைத்துக் கூட்டிக்கொண்டு போன அதே சர்தார், சோற்றுக் கையோடு, முகம் மாறாமல் சொன்னான்.

அவள் அவனைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கமர் முந்திப் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்று தாழ்ப்பாளைப் போட்டாள்.

"வழி வுடுடி. உன்ன வெளிய எடுத்த கை அது. அதுல வெலங்கு மாட்டிகினு போறாங்க. நான் பாவிடி, குர்ஆன மடில வெச்சிகினு சொல்லிட்டேன். வுடு என்ன."

"போ. போய்ச் சொல்லு. வரும்போது என்ன சுத்திப் பொதைக்க ஒரு கஃபன் துணி வாங்கிகினு வந்துடு. தைக்கத்தான் வூட்ல ஆளு கீதே."

கமர் கத்தவில்லை. அழவும் இல்லை. பேசி முடித்துவிட்டுத் தாழ்ப்பாள் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

அந்த நேரத்தில்தான் சந்திரமௌலியின் ஊர்வலம் கச்சேரி ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பியது. நாயனம், தவில், அதற்கு மேல் பாண்டு வாத்தியம், ஜே கோஷம். வழியில் கைசரின் குடிசைக் கதவில் எவனோ சாணியடித்துவிட்டு வந்திருந்தான், அதையும் ஒரு வெற்றியாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் கூடாது என்பது போலீஸ் உத்தரவு. அங்கே வந்ததும் எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதியில் செருப்புச் சத்தம் இந்த வாசல்வரை வந்து நின்றது.

"அம்மா, நான் சந்திரமௌலி வந்திருக்கேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் அசையவில்லை.

"உங்க ஒரு வார்த்தையிலேதான் நியாயம் பொழச்சது. ஊரே பயமுறுத்தியும் நீங்க உள்ளதைச் சொன்னேள். உங்களுக்கு என்கிட்ட ஏதாவது ஆகணும்னா சொல்லுங்கோ. எதுவானாலும் சரி, இப்பவே சொல்லுங்கோ."

ஒரு ஊரே காது கொடுத்துக்கொண்டு நின்றது. வக்கீல், கவுன்சிலர், நியாயஸ்தர், கேட்டால் செய்யக்கூடியவர். அஃப்சருன்னிசா முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு கதவை நோக்கி வாயைத் திறந்தாள்.

கமர் தன் உள்ளங்கையை அம்மாவின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். பிறகு கதவின் பக்கம் முகத்தைத் திருப்பி, அம்மாவின் குரலில், அம்மா பேசுவதுபோலவே நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் வேணாங்க. நடந்ததத்தான் சொன்னேன். நல்லா இருங்க."

சந்திரமௌலிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குரலை அவர் ஏற்கெனவே திரைக்குப் பின்னாலிருந்து கேட்டவர். மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டார், கூட்டமும் கும்பிட்டது. பள்ளிவாசலைத் தாண்டியதும் மேளத்தை மறுபடியும் ஆரம்பித்தார்கள்.